ராக்கெட் லீக்: மூணு பேர், மூணு லெவல். எந்த மோடுல நேரத்தைப் போடுறது?

லாஸ்பேட்டை_லெஃப்ட்பேக்:

ராக்கெட் லீக் (வண்டியை ஓட்டி பந்தடிச்சு கோல் போடுற வீடியோ கேம்) ஆடுறவங்க யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்க. நாங்க மூணு பேர். நான் பாண்டி லாஸ்பேட்டை, டூஸ்ல (ரெண்டுக்கு ரெண்டு) கோல்டு 2 ரேங்க். மாமா பையன் கடலூர் மஞ்சக்குப்பம், அதே டூஸ்ல என்னை விட மேல, டைமண்ட் 1. மூணாவது ஆள் வில்லியனூர், ஆட்டத்துக்குப் புதுசு, அக்கவுண்ட் இப்பதான் லெவல் 6, சனி ஞாயிறு மட்டும் வருவான். மூணு பேருமே பிசி, எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர். வார நாள்ல ராத்திரி 9-லேர்ந்து 10:30 வரைக்கும்தான் நேரம்.

பிளே மெனுவைத் திறந்தா ஒன்ஸ் (ஒத்தைக்கு ஒத்தை), டூஸ், த்ரீஸ் (மூணுக்கு மூணு), கேயாஸ், ஹூப்ஸ், ரம்பிள், டிராப்ஷாட், ஸ்னோ டே, டோர்னமெண்ட்னு டிபன் கடை போர்டு மாதிரி நீளுது. எல்லாத்துலயும் ஒரு கை பார்த்துட்டு எதுலயும் ஏற மாட்டேங்குது. ஒரே ஒரு மோடை மெயினா வச்சுக்கணும்னா எது? மாமா பையனோட சேர்ந்து ரேங்க் ஆடினா நான் பத்துல எட்டு தோக்கிறேன், அது ஏன்? கூடவே, ராத்திரியில சில மேட்ச்ல பந்து ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு குதிக்குது. அது என் நெட்டா, கேமா?

———

கெடிலக்கரை:

ரெண்டாவது கேள்வியை முதல்ல முடிச்சிடறேன், ஏன்னா மத்தது எல்லாம் அதுல தொங்குது. பார்ட்டியா (ஒரே குழுவா சேர்ந்து) க்யூ போட்டா (மேட்ச் தேடினா) கேம் உங்க ரெண்டு பேரோட ரேங்கையும் சராசரி எடுக்காது. மேல இருக்கிறவனோட ரேட்டிங்கைத்தான் பார்க்கும். பழைய அக்கவுண்ட் வச்சிருக்கிறவன் புது அக்கவுண்ட்டோட சேர்ந்து கீழ் ரேங்க்கை அடிச்சு நொறுக்காம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனா அதோட அடி நியாயமா ஆடுற உங்க மேலயும் விழுது. கோல்டு 2-க்கும் டைமண்ட் 1-க்கும் நடுவுல கோல்டு 3, பிளாட்டினம் 1, 2, 3 இருக்கு. நீங்க உட்கார்றது டைமண்ட் மேட்ச்சுல. பத்துல எட்டு தோக்கிறது உங்க தப்பு இல்ல, க்யூவோட தப்பு.

அதனால ரேங்க் டூஸை தனியா க்யூ போடுங்க. மாமா பையனோட சேர்றப்ப கேஷுவல் (ரேங்க் கணக்கு இல்லாத) டூஸ் ஆடுங்க. இல்லன்னா ரெண்டு பேருமே அதிகம் ஆடாத வேற பிளேலிஸ்ட்டுக்கு (மோடுக்கு) போங்க. ரேங்க் ஒவ்வொரு பிளேலிஸ்ட்டுக்கும் தனித்தனி. டூஸ்ல டைமண்டா இருக்கிறவன் ஹூப்ஸ்ல கோல்டா இருக்கலாம். ஒவ்வொண்ணுலயும் முதல் 10 மேட்ச் பிளேஸ்மெண்ட் (ரேங்க் எதுன்னு கணிக்கிற மேட்ச்), அதுக்கு அப்புறம்தான் பேட்ஜ் தெரியும்.

மெயின் மோடு டூஸ்தான். யோசிக்கவே வேணாம். ஷட்டில் டபுள்ஸ் ஆடியிருப்பீங்களே, அதே கணக்கு. ஒருத்தன் நெட்டுக்குப் போனா இன்னொருத்தன் பின்னாடி. முன்னாடி போனவன் அடிச்சிட்டு ஓரமா சுத்தி பின்னாடி வரணும், பின்னாடி இருந்தவன் நடுவுக்கு ஏறணும். த்ரீஸ்ல நீங்க செஞ்ச தப்பை மூணாவது ஆள் மூடிடுவான், உங்களுக்கே தெரியாம போயிடும். டூஸ்ல மூட ஒரே ஒருத்தன்தான், அவனும் போயிட்டா கோல். தப்பு எங்கன்னு கண்ணுக்குத் தெரியும், ஆனா ஒன்ஸ் மாதிரி மனசை ஒடைக்காது.

கோல்டு ரேங்க்ல டூஸ் தோக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஒரே பந்துக்கு ரெண்டு பேரும் பாயறது. ரெண்டாவது பூஸ்ட் (வண்டியை வேகமா ஓட்டவும் பறக்கவும் வைக்கிற எரிபொருள்).

பாயறதைப் பத்தி: உங்க டீம்மேட் எதிராளியோட மூலையில பந்தோட மல்லுக்கட்டுறான்னு வைங்க. அவனுக்கு உதவி பண்ண மூலைக்குள்ள போகாதீங்க. நடுக்கோட்டுக்கும் எதிர் கோலுக்கும் இடையில, பந்து நடுவுக்கு வந்தா அடிக்கிற தூரத்துல மெதுவா வளைஞ்சு வாங்க. பந்து தப்பி உங்க பக்கம் பறந்தா திரும்பி ஓடவும் இடம் இருக்கணும். அவன் வெளிய வர்ற வரைக்கும் கை அரிக்கும், அடக்கிக்கணும்.

பூஸ்ட்டைப் பத்தி: முழு 100 வச்சிருந்தா அழுத்திப் பிடிச்சா 3 வினாடியில காலி. மைதானத்துல பெரிய பூஸ்ட் 6, நாலு மூலையில நாலு, நடுக்கோட்டு ஓரத்துல ரெண்டு. எடுத்தா 10 வினாடி கழிச்சுத்தான் மறுபடி முளைக்கும். சின்ன பேட் (தரையில இருக்கிற பூஸ்ட் புள்ளி) 28, ஒவ்வொண்ணும் 12 தரும், 4 வினாடியில திரும்ப வரும். கோல்டு ஆளுங்க எல்லாரும் பெரியதைத் தேடி மூலைக்கு ஓடுவாங்க, அந்த நேரத்துல நடு காலியா இருக்கும். எதிர் மூலையில இருந்து நம்ம கோலுக்குத் திரும்புற வழியில சின்ன பேட் மேலயே வண்டியை ஓட்டினா அஞ்சு பேட் சுலபமா கிடைக்கும். 60 ஆச்சு. டிஃபென்ஸுக்கு அது போதும். மூலைக்குச் சுத்திப் போகவே வேணாம்.

கிக்-ஆஃப்ல பந்துக்குப் பக்கத்துல நிக்கிறவன் போகணும். ரெண்டு பேரும் சம தூரத்துல இருந்தா இடது பக்கம் நிக்கிறவன். இது கேம்ல எழுதி வைக்காத சட்டம், உலகம் முழுக்க இதைத்தான் ஆடுறாங்க. போகாதவன் செய்யற பெரிய தப்பு, உடனே திரும்பி மூலை பூஸ்ட்டுக்கு ஓடுறது. பந்து நேரா வந்தா கோல் திறந்து கிடக்கும். அதுக்குப் பதிலா முன்னாடி போறவன் பின்னால கொஞ்சம் இடைவெளி விட்டு நேரா ஏறி வாங்க. பந்து நடுவுலயே செத்து நின்னா நீங்கதான் முதல்ல தொடுவீங்க.

90 நிமிஷத்தைப் பிரிக்கணும்னா: மேட்ச் கடிகாரம் 5 நிமிஷம்தான், ஆனா கோல் ரீப்ளே, கிக்-ஆஃப், ஓவர்டைம், க்யூ காத்திருப்பு எல்லாம் சேர்த்தா ஒண்ணுக்கு 8, 9 நிமிஷம் பிடிக்கும். முதல் 10 நிமிஷம் ஃப்ரீபிளே, பூஸ்ட் தீராத மைதானத்துல சும்மா பந்தை விரட்டிக்கிட்டே இருங்க. அப்புறம் ரேங்க் டூஸ் அஞ்சு. மீதி நேரம் மாமா பையனோட. தொடர்ந்து மூணு தோத்தா அன்னைக்கு ரேங்க் கடையைச் சாத்திடுங்க.

———

தேவனாம்பட்டினம்_டெமோ:

கெடிலம் அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஏத்துக்க முடியல. “ஒன்ஸ் மனசை ஒடைக்கும்”னு எல்லாரும் சொல்லி சொல்லியே யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. தினம் ரெண்டே ரெண்டு ஒன்ஸ் ஆடுங்க, டூஸ்க்கு முன்னாடி. ரேங்க்கைப் பார்க்காதீங்க. ஒன்ஸ்ல பெரும்பாலும் டூஸை விட ரேங்க் கீழதான் நிக்கும். டூஸ் கோல்டு ஒன்ஸ்ல சில்வரா இருந்தா வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

ஒன்ஸ்ல கத்துக்கிற முக்கியமான விஷயம், அடிக்காம இருக்கிறது. எதிராளி பந்தை உருட்டிக்கிட்டு வர்றான். நீங்க எதிர்ல பாஞ்சீங்கன்னா அவன் ஒரு தட்டு தட்டி மேல தூக்கிட்டு போயிடுவான், பின்னாடி யாரும் இல்ல. அதுக்குப் பதிலா அவன் வர்ற திசையிலயே உங்க கோலை நோக்கி, பந்துக்கும் கோலுக்கும் நடுவுல இருந்துக்கிட்டு, மூணு நாலு கார் நீளம் இடைவெளி விட்டு கூடவே பின்வாங்குங்க. அவன் ஷாட் எடுத்த உடனே தொடுங்க. இதைத்தான் ஷேடோ டிஃபென்ஸ்னு சொல்றாங்க. டூஸ்ல டீம்மேட் மேல பறந்துட்டு கீழ விழுற நேரத்துல உங்களைக் காப்பாத்தப் போறது இதுதான்.

இன்னொண்ணு, டெமோ. சூப்பர்சோனிக் வேகத்துல (வண்டிக்குப் பின்னாடி கோடு விழும்) இடிச்சா எதிராளி வெடிச்சுப் போய் 3 வினாடி கழிச்சுத்தான் திரும்ப வருவான். த்ரீஸ்ல 3 வினாடி பெரிய விஷயமில்ல. ஒன்ஸ்ல அது திறந்த கோல். ஆனா பந்தை விட்டுட்டு டெமோவைத் துரத்திக்கிட்டு ஓடினா நீங்க தப்பவிட்ட அந்த ஒரு தடவையே போதும், உங்க கோல்தான் திறந்திருக்கும்.

———

உப்பளம்_ஒயர்மேன்:

மூணாவது கேள்விக்கு நான் வர்றேன். பந்து குதிக்கிறது அனேகமா நெட்தான்.

மேட்ச் நடக்கிறப்ப ஸ்கோர்போர்டைத் திறங்க, ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் பிங் (டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்புற நேரம், மில்லி வினாடியில) வரும். எல்லாருக்கும் ஏறி இறங்கினா சர்வர். உங்களுக்கு மட்டும் ஏறினா உங்க வீடு. திரை ஓரத்துல சின்னச் சின்ன சிவப்பு, மஞ்சள் குறி வருதான்னு பாருங்க. பிங் அதிகமா இருக்கிறதுக்கும் டேட்டா பாக்கெட் வழியில தொலையறதுக்கும் தனித்தனி குறி உண்டு. பிங் 70, 80-ல நிலையா நின்னா கை பழகிடும். 40-லேர்ந்து 160-க்குத் தாவித் தாவி வந்தா யாராலயும் ஆட முடியாது. ஹூப்ஸ், ஸ்னோ டே எல்லாத்துலயும் அதே கதைதான், மோடு மாத்தி பிரயோஜனம் இல்ல.

முதல் வேலை: வைஃபையை விடுங்க, லேன் கேபிள் போடுங்க. லாஸ்பேட்டை மாதிரி நெருக்கமான தெருவுல பக்கத்து வீட்டு ரூட்டர் எல்லாமே ராத்திரி 9 மணிக்குத்தான் முழிக்கும். கேபிள் இழுக்கவே முடியாதுன்னா 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல போடுங்க, ரூட்டர் அதே அறையில இருக்கணும். ரெண்டு சுவர் தாண்டினா அந்த பேண்டு சோர்ந்துடும்.

ரெண்டாவது: க்யூ போடுற இடத்துல ரீஜன் (சர்வர் இருக்கிற பகுதி) லிஸ்ட் இருக்கு. அதுல எல்லாத்தையும் டிக் பண்ணி வச்சிருந்தா, ஆள் கிடைக்காத நேரத்துல தூரத்து சர்வருக்குத் தூக்கிப் போட்டுடும். ஒரு ரீஜன் மட்டும் டிக் பண்ணி ஒரு கேஷுவல் மேட்ச், பிங் குறிச்சுக்கங்க, அடுத்த ரீஜன். மூணு பேரும் தனித்தனியா இதைச் செய்யுங்க. பாண்டி, கடலூர் ரெண்டும் பக்கத்து ஊர்தான், ஆனா வேற வேற கம்பெனி லைன்னா ஒருத்தனுக்கு டேட்டா சென்னை வழியா நேரா சிங்கப்பூர் போகும், இன்னொருத்தனுக்கு மும்பை சுத்திட்டு வரும். மூணு பேருக்கும் சுமாரா ஒத்துப்போற ரீஜன் எதுவோ அதை வைங்க.

மூணாவது: செட்டிங்ல கேம்பிளே பக்கத்துல கிளையண்ட் சென்ட் ரேட், சர்வர் சென்ட் ரேட், பேண்ட்விட்த் லிமிட் மூணையும் ஹை. வீட்ல யாராவது அதே லைன்ல படம் பார்த்தா இதெல்லாம் வச்சும் பந்து குதிக்கும், அது வேற பஞ்சாயத்து.

கரண்ட்டையும் சொல்லிடறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம கடலோரத்துல கரண்ட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டிட்டு வரும். பிசிக்கு யுபிஎஸ் போட்டு ரூட்டரை மறந்துடுவாங்க. பிசி ஓடிக்கிட்டே இருக்கும், ரூட்டர் ரெண்டு நிமிஷம் ரீஸ்டார்ட் ஆகும், மேட்ச்ல நீங்க ஓடிப்போன ஆளா கணக்கு எழுதிடும். தோல்வி ஒண்ணு, அடுத்த க்யூவுக்கு தடை ஒண்ணு. திரும்பத் திரும்ப நடந்தா தடை நேரம் கூடிக்கிட்டே போகும். ரூட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதே அளவு வர்ற மினி யுபிஎஸ் வாங்குங்க. பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆம்பியர் ஒண்ணா ரெண்டாங்கிறதுலதான் கோட்டை விடுவாங்க. ஃபைபர் பெட்டி தனியா இருந்தா அதுக்கும் கரண்ட் வேணும், அதை விட்டுட்டா ரூட்டர் மட்டும் எரிஞ்சு என்ன லாபம். லைன் போய் உடனே வந்துட்டா கேமை மூடாதீங்க, மெயின் மெனுவுல அதே மேட்ச்சுக்குத் திரும்பச் சேரச் சொல்லிக் கேட்கும்.

———

லாஸ்பேட்டை_லெஃப்ட்பேக்:

ரொம்ப நன்றிண்ணா எல்லாருக்கும். ரீஜன் லிஸ்ட்ல ஆறு டிக் இருந்துச்சு, இப்பதான் பார்த்தேன். ரெண்டா குறைச்சுட்டேன்.

இன்னும் ஒண்ணு பாக்கி. சனி ஞாயிறு வில்லியனூர் பையன் வந்தா மூணு பேரும் சேர்ந்து என்ன ஆடுறது? அவனுக்கு ஹூப்ஸ் பிடிச்சிருக்கு, மாமா பையன் டிராப்ஷாட்னு நிக்கிறான். டோர்னமெண்ட் போலாமான்னும் பேச்சு ஓடுது. இந்த எக்ஸ்ட்ரா மோடு எல்லாம் ஆடினா டூஸ் கெட்டுப் போகுமா?

———

கெடிலக்கரை:

ஹூப்ஸ் ரெண்டுக்கு ரெண்டு. மூணு பேர் பார்ட்டியா அதுல போகவே முடியாது தம்பி, ஒருத்தன் வேடிக்கைதான் பார்க்கணும்.

இன்னொரு தடை: புது ஆள் லெவல் 6. காம்பெடிட்டிவ் (ரேங்க் ஆட்டம்) திறக்க லெவல் 10 வேணும். அவன் பார்ட்டியில இருக்கிற வரைக்கும் ரேங்க் க்யூ கிடையாது. அதனால இப்போதைக்கு கேஷுவல் த்ரீஸ். முதல் அரை மணி நேரம் பாட் (கம்ப்யூட்டரே ஓட்டுற வண்டி) கூட ஒரு எக்ஸிபிஷன் போடுங்க, மூணு பேர் ஒரு பக்கம், எதிர்ல ப்ரோ லெவல் பாட். ரூக்கி (சுலபமான) பாட் போட்டா அவன் தப்பான நம்பிக்கையோட கேஷுவலுக்கு வருவான். கேஷுவல்ல ஒரு வசதி, யாராவது நடுவுல கிளம்பினா வேற ஆளோ பாட்டோ வந்து நிரப்பும். ரேங்க்ல நிரப்பாது, மூணுக்கு ரெண்டா நின்னு அழணும்.

த்ரீஸ்ல அவனுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க, தூரத்துக் கம்பம். பந்து நம்ம இடது மூலையில இருக்குன்னா, பின்வாங்கி வர்றவன் வலது கம்பத்துக்கு வரணும். அப்பதான் வண்டி முகம் பந்தைப் பார்த்தபடி இருக்கும், பந்து நடுவுக்கு வந்தா ஒரே தட்டுல வெளிய போகும். பந்து இருக்கிற பக்கத்துக் கம்பத்துக்கே வந்தா முதுகு காட்டி நிப்பான், பந்து தலைக்கு மேல போறதே தெரியாது. கூடவே அங்க ஏற்கெனவே போராடிட்டு இருக்கிற நம்ம ஆளையும் இடிச்சுத் தள்ளுவான். புது ஆளை மூணாவதா மட்டும் நிறுத்தி வச்சுடாதீங்க, போரடிச்சு ஓடிடுவான். சுத்தி வரட்டும்.

எக்ஸ்ட்ரா மோடு டூஸைக் கெடுக்குமான்னா, மோடைப் பொறுத்தது.

ஹூப்ஸ் நல்லது செய்யும். கூடை மேல இருக்கு, தரையில உருட்டி கோல் போட முடியாது. விருப்பம் இருந்தாலும் இல்லாட்டியும் பறந்தாகணும். அங்க நிறைய பேர் செய்யற தப்பு, ஒரு தாவல், கொஞ்சம் பூஸ்ட், அப்புறம் நிதானமா மூக்கைத் தூக்குறது. அதுக்குள்ள பந்து போயிடும். தாவுறப்பவே மூக்கைப் பின்னால சாய்ச்சு பூஸ்ட் அழுத்தி, மூக்கு மேல திரும்பின உடனே ரெண்டாவது தாவல். ரெண்டாவது தாவுற அந்த நொடியில மட்டும் ஸ்டிக்கை விட்டுடணும், இல்லன்னா வண்டி குட்டிக்கரணம் போடும். இதுக்கு பூஸ்ட் பட்டன் ‘பி’-யில இருக்கக் கூடாது. ஒரே கட்டைவிரல் தாவவும் பூஸ்ட்டும் ரெண்டையும் அழுத்த முடியாதுல்ல. வலது பம்பருக்கு மாத்துங்க. பவர்ஸ்லைடை (வழுக்கித் திருப்புறதை) இடது பம்பருக்கு. ஒரு வாரம் எரிச்சலா இருக்கும்.

டிராப்ஷாட் வேற ஜாதி. கோல் கம்பமே கிடையாது, தரையே கோல். அறுகோண ஓடு ஒவ்வொண்ணும் முதல் அடியில விரிசல், ரெண்டாவது அடியில ஓட்டை, ஓட்டையில பந்து விழுந்தா கோல். பந்தை அடிக்க அடிக்க சார்ஜ் ஏறும். முதல்ல விழுந்தா 1 ஓடு, சார்ஜ் ஏறினா 7, இன்னும் ஏறினா 19. சார்ஜ் ஏறின பந்தை எதிராளி பக்கம் உச்சியில இருந்து கீழ குத்துறதுதான் அங்க வித்தை. ஆட நல்லா இருக்கும், பொய் சொல்லலை. ஆனா பூஸ்ட் பேடே இல்ல, பூஸ்ட் தானா நிரம்பும். டூஸ்ல நீங்க கஷ்டப்பட்டுப் பழகுற சின்ன பேட் கணக்கு அங்க மறந்துபோகும். வாரம் ஒரு தடவைன்னா பரவாயில்ல.

ரம்பிள் மூணுக்கு மூணு, 10 வினாடிக்கு ஒரு தடவை கையில ஏதாவது ஒரு ஆயுதம் வரும். பந்தை உறைய வைக்கிறது, கொக்கி போட்டு இழுக்கிறது, சூறாவளி. தீபாவளிக்குத் தெருவுல நிக்கிற மாதிரி. மூணு லெவல் ஆளுங்க ஒண்ணா ஆட அதை விட நல்ல மோடு இல்ல, ஏன்னா டைமண்டையும் ஒரு பூட்ஸ் உதைச்சுத் தூக்கிப் போட்டுடும். வில்லியனூர் பையனுக்கு அதுதான் என் ஓட்டு. ஸ்னோ டேல பந்துக்குப் பதிலா தட்டு, தரையில வழுக்கிக்கிட்டு ஓடும். ஒரு தடவை பார்த்துட்டு விட்டுடுங்க. கேயாஸ் நாலுக்கு நாலு, பேருக்கு ஏத்த மாதிரி. அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல.

ஒண்ணு கவனிங்க: இந்த மோடுகளுக்கு நம்ம பக்கம் ஆள் கம்மி. தனியா ஒண்ணை மட்டும் டிக் பண்ணி உட்கார்ந்தா க்யூ ஓடிக்கிட்டே இருக்கும். கேஷுவல்ல ரம்பிள், டிராப்ஷாட், த்ரீஸ் மூணையும் சேர்த்து டிக் பண்ணுங்க, எது முதல்ல கிடைக்குதோ அது.

டோர்னமெண்ட்டை லெவல் 10 தாண்டின பிறகு பார்க்கலாம். நேரம் முன்கூட்டியே போட்டிருக்கும், அந்த நேரத்துக்குள்ள பதிஞ்சுக்கணும். தோத்தா வெளிய. அரையிறுதியும் இறுதியும் மூணு மேட்ச்ல ரெண்டு ஜெயிக்கணும். முழுசா ஓடினா ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரே இடத்துல உட்காரணும். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடுற வீடா இருந்தா யோசிச்சுக்கங்க.

———

தேவனாம்பட்டினம்_டெமோ:

ரம்பிளுக்கு என் ஓட்டும். கேமரா செட்டிங்கை யாரும் சொல்லலையே? மூணு பேரும் மாத்துங்க: எஃப்ஓவி (பார்வைக் கோணம்) 110, டிஸ்டன்ஸ் 270, ஹைட் 100 அல்லது 110, ஆங்கிள் -3, கேமரா ஷேக் ஆஃப். ஷேக் ஆன்ல இருந்தா ஒவ்வொரு கோலுக்கும், டெமோவுக்கும் திரை நடுங்கும், பந்தைத் தொலைச்சுடுவீங்க.

இன்னொண்ணு, கடிகாரம் 0:00 காட்டினாலும் மேட்ச் முடியல. பந்து தரையைத் தொட்டாத்தான் முடியும். ஒரு கோல் பின்தங்கி இருந்தா பந்தைக் காத்துல வச்சுக்கிட்டே இருங்க, முன்னால இருந்தா கீழ தட்டுங்க. வில்லியனூர் தம்பி சைரன் கேட்டதும் கண்ட்ரோலரைக் கீழ வச்சுடப் போறான்.